அணைத்தாலும் திரும்பி வரும் ஏர்பேக் விளக்கு: பழைய கார் வாங்கிய வாசகிக்குப் பதில்

திண்டுக்கல் பக்கம் ஓர் ஊரிலிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ஏழு மாதங்களுக்கு முன்பு, மதுரையில் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு டீலரிடம் 2017 மாடல் ஹேட்ச்பேக் ஒன்றை 4,65,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். அதே விலைக்கு வேறு கார்களும் இருந்தன. ‘டாப் மாடல், ஆறு ஏர்பேக்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்ததால், ஆறு வயது மகளை மனதில் வைத்து இதைத் தேர்ந்தெடுத்தாராம். மூன்றாவது வாரமே டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. டீலர் அனுப்பிய மெக்கானிக் ஏதோ ஒரு கருவியைச் செருகி ஐந்தே நிமிடத்தில் அணைத்தார். ஐந்நூறு ரூபாய். பத்து நாளில் மறுபடி எரிந்தது. இதுவரை நான்கு முறை அணைத்தாகிவிட்டது. கடைசியாகக் கேட்டபோது, “வெறும் சென்சார் பிராப்ளம் மேடம், பழைய வண்டின்னா இப்படித்தான் இருக்கும். தொந்தரவா இருந்தா பல்பையே கழற்றிடலாம்” என்று டீலர் சொல்லியிருக்கிறார்.

கடிதத்தில் போகிறபோக்கில் சொன்ன சில விவரங்களும் உண்டு. கணவர் நல்ல உயரம். அவர் ஓட்டிய பிறகு இவர் சீட்டை முன்னால் இழுக்கும் நாட்களில்தான் பெரும்பாலும் விளக்கு வருகிறது. ஹாரன் ஒழுங்காக அடிக்கிறது. காரைக் கொடுக்கும்போது டீலரே புது சீட் கவரும் புதுத் தரைவிரிப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஏசி போட்டால் முதல் சில நிமிடம் ஈரத்துணி வாடை அடிக்கிறது. பழைய ஆர்.சி. நகலில் இருக்கும் முகவரி சென்னை வேளச்சேரி. எந்த நேரத்திலும் பை வெடித்துவிடும் என்று பயந்து, கணவர் மகளைப் பின்சீட்டுக்கு மாற்றிவிட்டார். ‘உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பதால் சட்டப்படி இனி எதுவும் செய்ய முடியாது என்று இவர் நினைக்கிறார். காரை வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்பதுதான் கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

பத்து வருடம் ஒர்க்‌ஷாப்பிலும், அப்புறம் இருபது வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் மோட்டார் சர்வேயராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இப்போதைக்குக் காரை விற்க வேண்டாம். என்ன பழுது என்றே தெரியாமல் விற்றால், உங்களுக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும். விளக்கை ஐந்தாவது முறை அணைத்துவிட்டு விற்றால், வேறொரு வீட்டுப் பிள்ளை அதில் உட்காரும். நீங்கள் அதைச் செய்யக்கூடியவர் இல்லை என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. முதலில் பழுதைக் கண்டுபிடிப்போம். அதற்கான துப்பு பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

விளக்கு என்ன சொல்கிறது

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடிகள் எரிந்து தானாக அணைய வேண்டும். அந்தச் சில வினாடிகளில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் தன் கீழ் இருக்கும் ஒவ்வொரு சுற்றையும் சோதித்துப் பார்க்கிறது: ஸ்டியரிங்கில் இருக்கும் பை, பயணி பக்கத்துப் பை, சீட்டின் பக்கவாட்டில் இருக்கும் பை, விபத்து நேரத்தில் சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனர் எல்லாவற்றையும். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தீமூட்டி உண்டு. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம்தான். கனெக்டரில் கொஞ்சம் துரு ஏறி ஒன்றிரண்டு ஓம் கூடினாலே யூனிட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும், விளக்கைப் போட்டுவிடும்.

உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு. விளக்கு எரியும்போது பை தானாக வெடிப்பது மிக மிக அபூர்வம். விபத்து நடக்கும்போது பை விரியாமலே போகக்கூடும் என்பதுதான் உண்மையான ஆபத்து. பல கார்களில் ஒரு சுற்றில் கோளாறு வந்தால் யூனிட் அந்த ஒன்றை மட்டுமல்லாமல் மற்றவற்றையும் சேர்த்து நிறுத்திவிடும். ஆறு ஏர்பேக் என்று நம்பி வாங்கிய காரில், விளக்கு எரியும் நாளில் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொண்டுதான் நீங்கள் ஓட்ட வேண்டும்.

மகளைப் பின்சீட்டுக்கு மாற்றியது வேறொரு காரணத்துக்காக மிகச் சரி. விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பின்சீட்டுதான் இடம். ஆனால் பின்சீட்டிலும் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் உட்கார வைக்காதீர்கள். 14 வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பாதுகாப்பில்லாமல் ஏற்றிச் சென்றால், மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், திடீரென்று பிரேக் அடித்தால் குழந்தை முன்சீட்டின் முதுகில்தான் போய் மோதும்.

மெக்கானிக் நான்கு முறை செய்த வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் அழித்தது யூனிட்டின் நினைவில் பதிந்திருந்த கோளாறுக் குறிப்பை மட்டும்தான். காய்ச்சல்காரருக்குத் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி. அழிப்பதற்கு முன்னால் அதில் என்ன எழுதியிருந்தது என்று அவர் ஒருமுறையாவது உங்களிடம் காட்டியிருந்தால், இரண்டாயிரம் ரூபாய் வீணாகியிருக்காது.

சீட்டை இழுக்கும்போது மட்டும் ஏன்?

உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி இதுதான். ஏர்பேக் விளக்கு எரிய நிறையக் காரணங்கள் உண்டு. ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் கிளாக் ஸ்பிரிங் என்ற தட்டையான நாடா அறுந்தால் எரியும். அப்படியானால் பெரும்பாலும் ஹாரனோ ஸ்டியரிங் பட்டன்களோ சேர்ந்தே மக்கர் செய்யும். உங்களுக்கு ஹாரன் நன்றாக இருக்கிறது. பேட்டரி மிகவும் பலவீனமானாலும் எரியும். எலி வயரைக் கடித்தாலும் எரியும். ஆனால் சீட்டை நகர்த்தும்போது விளக்கு வருகிறது என்றால், என் கை முதலில் போவது சீட்டுக்கு அடியில்தான்.

பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் கார்களில் அந்தப் பை முன்சீட்டின் முதுகுப் பகுதிக்குள்ளேயே இருக்கும். அதற்குப் போகும் வயர் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் ஒன்றில் சேரும். ஏர்பேக் சம்பந்தப்பட்ட கனெக்டர்களுக்கு மஞ்சள் நிறம் என்பது கார்த் தொழிலில் பொதுவான வழக்கம். தெரியாமல் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக. சீட்டை முன்னும் பின்னும் இழுக்கும்போது இந்த வயரும் கூடவே அசையும். கனெக்டர் பாதி கழன்றிருந்தாலோ, உள்ளே முள்ளில் களிம்பு பிடித்திருந்தாலோ, அந்த அசைவில் தொடர்பு ஒரு கணம் விட்டுப்போகும். யூனிட்டுக்கு அந்த ஒரு கணம் போதும்.

சீட் கவர் போடுகிறவர்கள் பல நேரம் சீட்டையே கழற்றி மாட்டுவார்கள். கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, திரும்ப மாட்டும்போது ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தாமல் விட்டுவிடுவார்கள். உங்கள் விஷயம் இவ்வளவுதான் என்றால் நிம்மதி. சின்ன வேலையில் முடிந்துவிடும். ஆனால் அந்த சீட் கவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீட்டின் ஓரத்தில் ‘ஏர்பேக்’ என்று எழுதிய ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கும். அதை ஒட்டிய தையலைக் கிழித்துக்கொண்டுதான் பை வெளியே வரும். அதன்மேல் கெட்டியான ரெக்சின் கவரை இறுக்கி மாட்டினால் பை எங்கே போகும்? பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் அந்த இடம் திறந்திருக்காத சீட் கவரைப் போடவே கூடாது.

கார் தண்ணீரில் நின்றதா?

இதைச் சொன்னால் மனம் கஷ்டப்படும். ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. புதுத் தரைவிரிப்பு, ஈரத்துணி வாடை, வேளச்சேரி முகவரி: மூன்றையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு 2023 டிசம்பர்தான் ஞாபகம் வந்தது. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தெருத் தெருவாகக் கார்கள் தண்ணீரில் நின்றன. 2015 டிசம்பரிலும் இதேதான். தண்ணீர் வடிந்த பிறகு அந்தக் கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. கழுவித் துடைத்து, வெளியூர் போய், புதுக் கவர் போட்டுக்கொண்டு விற்பனைக்கு நிற்பவையும் உண்டு.

ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் கியர் லீவருக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகத்தான் இருக்கும். சீட் கனெக்டர் தரைவிரிப்பை ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் உள்ளே அரை அடி ஏறினாலே இரண்டும் நனையும். நனைந்த அன்று ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் களிம்பு ஏறும். வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த ஒரு கார் உள்ளே பளபளவென்று இருந்தது. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தபோது, மஞ்சள் கனெக்டரின் விளிம்பில் பாசி மாதிரி பச்சையாகப் பூத்திருந்தது. தண்ணீரில் நின்ற கார் என்று சொல்ல அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

உங்கள் கார் அப்படித்தான் என்று நான் முடிவு செய்யவில்லை. வேளச்சேரியில் இருந்த எல்லாக் காரும் முங்கிவிடவில்லை. ஏசி வாடைக்கு ஃபில்டர் அழுக்கும் காரணமாகலாம். நீங்களே பார்த்துவிடலாம், கருவி எதுவும் வேண்டாம். முன்சீட் பெல்ட்டை அதன் கடைசி முனைவரை முழுசாக வெளியே இழுங்கள். வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி இரண்டு மூன்று அடியில் சேற்றுக் கறையோ, தண்ணீர் நின்ற கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். காரைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டை அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை. அப்புறம் டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியின் மூலைகளில் வண்டல் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட்டைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தால் அதுவும் ஒரு அடையாளம்.

கையோடு பழைய இன்சூரன்ஸ் பாலிசி நகல்களையும் தேடுங்கள். அதில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’, அதாவது க்ளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, சதவீதத்தில் வருடா வருடம் ஏறிக்கொண்டே வரும்: 20, 25, 35, 45, 50 என்று. 2024இல் அது திடீரென்று பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால், அதற்கு முந்தைய பாலிசி வருடத்தில் க்ளெய்ம் எடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். எதற்கான க்ளெய்ம் என்று டீலரைக் கேட்கலாம்.

சரிசெய்யும்போது

அந்த காரின் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கோ, ஏர்பேக் யூனிட்வரை படிக்கக்கூடிய ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கோ எடுத்துப் போங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னக் கருவிகள் பொதுவாக என்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும். போனதும் இப்படிக் கேளுங்கள்: “எதையும் அழிக்காதீர்கள். முதலில் கோளாறுக் குறிப்பு (கோட்) என்ன, இப்போது இருக்கும் கோளாறா, பழைய பதிவா என்று பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.” தாளில் தேதி, கிலோமீட்டர், சேசிஸ் நம்பர் மூன்றும் இருக்கட்டும். யூனிட்டில் பழைய விபத்துப் பதிவு இருக்கிறதா, ஆறு பைகளும் அதனதன் இடத்தில் உண்மையாகவே இருக்கின்றனவா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். விபத்தில் விரிந்த பையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதே அளவு மின்தடை தரும் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து யூனிட்டை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கு சமர்த்தாக அணைந்துவிடும். உள்ளே பையே இருக்காது.

பல்பைக் கழற்ற மட்டும் ஒருநாளும் சம்மதிக்காதீர்கள். சாவி போட்டதும் அந்த விளக்கு எரியவே எரியாத கார், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் காரைவிட எனக்கு அதிகக் கவலை தருவது.

தெரிந்த எலக்ட்ரீஷியன் யாராவது மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறேன் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீட்டரிலிருந்து போகும் மின்சாரமே தீமூட்டியைத் தட்டிவிடக்கூடும். பை விரிய ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். முகம் பக்கத்தில் இருந்தால் விலகக்கூட முடியாது. தெரிந்த மெக்கானிக்குகள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, யூனிட்டில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த காரின் கையேட்டில் சொன்ன நிமிடங்கள்வரை காத்திருந்துவிட்டுத்தான் மஞ்சள் கனெக்டரைத் தொடுவார்கள். யூனிட்டையே மாற்ற வேண்டிவந்தால், புதுப்பேட்டையிலோ வேறு பழைய பாகக் கடையிலோ மலிவாக வாங்கி மாட்டலாம் என்ற யோசனை வரும். கதவு, பம்பர் வாங்கலாம். ஏர்பேக் பாகங்களை அப்படி வாங்காதீர்கள். அது எந்த விபத்திலிருந்து, எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது.

சர்வீஸ் சென்டரில் இருக்கும்போதே, இந்த சேசிஸ் நம்பருக்கு ரீகால், அதாவது கோளாறான பாகத்தைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது, ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இது விளக்கோடு சம்பந்தமில்லாத தனி விஷயம். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதி விரிக்கும் பாகம்) இருந்த அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், பை விரியும்போது இன்ஃப்ளேட்டரே உடைந்து உலோகச் சில்லுகளாகத் தெறித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இந்தியாவிலும் கார்கள் அழைக்கப்பட்டன. அந்தக் கோளாறுக்கு விளக்கு எரியாது. ரீகால் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே போகும் என்பதால், பழைய கார் வாங்கியவர்களுக்கு விஷயம் தெரியாமலே போய்விடுகிறது. ரீகால் வேலை இரண்டாவது உரிமையாளருக்கும் இலவசம்தான்.

அந்தக் கையெழுத்தும் உங்கள் உரிமையும்

நான் வக்கீல் இல்லை. ஆனால் நுகர்வோர் ஆணையங்களில் தொழில்நுட்ப அறிக்கை கொடுக்கப் போய்ப் போய்த் தெரிந்துகொண்டது உண்டு. பழைய பொருள் வாங்கியவருக்கு உரிமை இல்லை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 எங்கும் சொல்லவில்லை. வியாபாரமாகக் கார் விற்பவரிடம், சொந்த உபயோகத்துக்கு, பணம் கொடுத்து வாங்கிய நீங்கள் நுகர்வோர்தான். தெரிந்தவர் ஒருவரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் கதை வேறு. உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டியிருக்கும். அதனால் ரசீது டீலர் பெயரில் இருக்கிறதா, வெறும் புரோக்கர் போல நடுவில் நின்றாரா என்று ஒருமுறை பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. அவரிடம் அது உண்டா என்று கேட்பது நல்லது.

‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சாதாரணத் தேய்மானங்களுக்குச் செல்லும். தெரிந்தே ஒன்றை மூடி மறைத்து விற்றால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 17ஆவது பிரிவு அதை மோசடி என்றே சொல்கிறது. அதற்கு அந்தத் தாள் கேடயமாகாது. ஆனால் ‘அவருக்குத் தெரியும்’ என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில்தான். அங்கேதான் பலரும் தோற்கிறார்கள். உங்களிடம் இருக்கும் வலுவான சான்று ‘ஆறு ஏர்பேக்’ என்ற விளம்பரம். அதன் ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்து வையுங்கள். பல்பைக் கழற்றச் சொன்னது வாட்ஸ்அப்பில் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். மெக்கானிக்குக்குப் பணம் அனுப்பிய ஜிபே பதிவுகள், விளக்கு எத்தனை நாளில் வந்தது என்பதற்குச் சாட்சி.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பொருளில் கோளாறு என்று புகார் செய்தால், ஆணையம் அதைப் பரிசோதனைக்கு அனுப்பலாம். முன்னாடியே சரிசெய்துவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. அதற்காக வழக்கு முடியும்வரை ஏர்பேக் இல்லாமல் குழந்தையோடு ஓட்டச் சொல்லவும் எனக்கு மனம் வராது. முதலில் ஸ்கேன் தாள், கனெக்டர் படங்கள், கம்பெனியின் எழுத்து மூலமான எஸ்டிமேட். அதை இணைத்து, பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, டீலருக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். பதில் வராவிட்டால் சரிசெய்துவிடுங்கள். மாற்றிய பழைய பாகத்தை ஒர்க்‌ஷாப்பில் விடாமல் பில்லோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ஆனால் ஏழு மாதம் ஓட்டிய காருக்கு முழுப் பணமும் திரும்ப வரும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வெறும் கனெக்டர் கோளாறென்றால் பழுதுச் செலவும் கொஞ்சம் இழப்பீடும்தான் கேட்க முடியும். அதற்கு வழக்கைவிட நோட்டீஸே பல நேரம் வேலை செய்யும். வெள்ளத்தில் நின்ற காரை மறைத்து விற்றது உறுதியானால்தான் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் அளவுக்குப் போகலாம். அந்தக் கட்டத்தில் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

அதுவரை

ஊருக்குள் பள்ளிக்குப் போய்வர ஓட்டுங்கள். நான்குவழிச் சாலையில் நீண்ட பயணம், இரவுப் பயணம் இரண்டையும் தள்ளிப்போடுங்கள். ப்ரீடென்ஷனர் வேலை செய்யாவிட்டாலும் பெல்ட் பிடிக்கும். அதனால் முன்னால் பின்னால் எல்லோரும் பெல்ட் போடட்டும். நீங்கள் சீட்டை முன்னால் இழுத்து ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கின் நடுவுக்கும் உங்கள் மார்புக்கும் ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக, அதாவது 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஏர்பேக் சரியான பிறகும் இந்த இடைவெளி வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சீட் கவரைக் கழற்றிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் கையை விடாமல், மொபைலை மட்டும் நீட்டி அந்த மஞ்சள் கனெக்டரை நாலைந்து படம் எடுங்கள். பெல்ட்டின் கடைசி முனையையும் எடுங்கள். ஸ்கேன் தாள் கைக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். நோட்டீஸில் தொழில்நுட்பப் பகுதியை என்னவென்று எழுதுவது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.